பேர் வெட்டிய பாத்திரங்கள்

1

எங்கள் வீடு எரிந்து இந்த வைகாசியோடு ஓராண்டு முடிகிறது. அனுதாபக் கடிதம் எழுத நினைக்கிற ஊர்க்காரர்கள் தபால் செலவை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். போன வருஷம் வந்தவையே போதும். பாதிப் பேர் 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர், சொந்த ஊரில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் நெருப்பு சுடாது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

புதுச்சேரியை நான் வெளிநாடு என்று எழுதினால் என் தம்பி சிரிக்கிறான். ரயில் ஏறினால் மறுநாள் வந்து இறங்கிவிடலாம், இதில் என்ன வெளிநாடு என்கிறான். அவன் எல்லையில் மூட்டை அவிழ்த்ததில்லை. சுங்கக்காரன் என் கருப்பட்டியை முகர்ந்து பார்த்து, சேலையை உதறி, மடிக்காமல் அப்படியே கையில் திணிப்பான். அதைத் தாண்டினால் கொடி வேறு, துரை வேறு, கோர்ட்டில் பேசுகிற பாஷை வேறு. தமிழ்கூட வேறு தமிழ்தான். கடையில் சொளவு கேட்டால் விழிக்கிறார்கள். முறம் என்று சொல்லித் தொலைக்கவேண்டும். துடைப்பத்தை வாரியல் என்று கேட்டு ஒருமுறை கடைத்தெருவே சிரித்தது. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து நான் இந்த ஊருக்கு அசலூர்க்காரி. வீடு எரிந்த பிறகு அந்தப் பட்டமும் போய், 'நெருப்புப் பிடிச்ச வீட்டுக்காரம்மா' ஆனேன்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து துறைமுகத்துக் கடலை மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அவர் ஊரும் எங்கள் சீமைதான். சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எங்களுக்கு ஒரே மகள், செலின். கன்னியர் பள்ளியில் படிக்கிறாள். பிரெஞ்சுப் பாட்டெல்லாம் பாடுவாள். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

2

கருவடிக்குப்பத்துக்கு வெளியே, பனங்காட்டு ஓரமாக எங்கள் வீடு இருந்தது. ஓடு போட்ட வீடு. இவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது. வீட்டுக்கு மேற்கே விழல் மண்டிய தரிசு, அதற்கு அப்பால் முந்திரித் தோப்பு. அந்தத் தரிசின் நடுவில் ஓர் எல்லைக் கல் உண்டு. கல்லுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் மண், அந்தப் பக்கம் ஆங்கிலேயன் மண். ஆடுகளுக்கு அது தெரியாது. நெருப்புக்கும் தெரியவில்லை.

தோப்புக் குத்தகைக்காரன் முந்திரி பொறுக்க வசதியாகச் சருகைக் கூட்டி எரித்தான். அன்று மேல்காற்று. மரத்தடியில் குவித்து வைத்திருந்த கொட்டைகளில் தீப் பிடித்ததும் அவை படபடவென்று வெடித்துச் சிதறின. அந்த எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் எதற்கு ஆகும்? விழலில் இறங்கிய தீ பனை ஓலையில் ஏறியது, ஓலையிலிருந்து எங்கள் ஓட்டுக்கு அடியில் இருந்த கூரை மரத்துக்கு வந்தது. செலின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அதுவரை கர்த்தருக்குத் தோத்திரம். நான் உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வந்து பார்த்தால் கையில் அம்மிக்குழவி. வீட்டிலேயே எரியாத சாமான் அது ஒன்றுதான். அதைத்தான் காப்பாற்றியிருக்கிறேன். இந்தக் கதையை இந்த ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், அவர்கள் வீடு எரியும்போது எதைத் தூக்குகிறார்கள் என்று நானும் பார்க்கத்தான் போகிறேன்.

பிறகு நிவாரணம் கேட்டு அலைந்த கதை. இங்கே நகராட்சி ஆபீசை மேரி என்பார்கள். அங்கே இருந்த முசியே, நெருப்பு எங்கிருந்து கிளம்பியது என்று துபாஷியை விட்டுக் கேட்டார். தோப்பிலிருந்து என்றோம். தோப்பு யார் எல்லை? ஆங்கிலேயர் எல்லை. அப்படியானால் அது ஆங்கிலேய நெருப்பு, அங்கே போய்க் கேளுங்கள் என்றார். அங்கே போனோம். அந்த ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எரிந்த வீடு எந்த எல்லையில் என்று கேட்டார். பிரெஞ்சு எல்லை என்றோம். எரிந்தது அங்கே என்றால் எங்களுக்கு என்ன சம்பந்தம் என்றார். எரித்தவனுக்கு ஒரு ராஜா, எரிந்தவனுக்கு ஒரு ராஜா. எங்களுக்குத்தான் ஒருவரும் இல்லை. இவர் இரண்டு இடத்திலும் கும்பிட்டுவிட்டு வந்தார். நான் கும்பிடவில்லை.

3

நான் சொல்ல வந்தது பாத்திரங்களைப் பற்றி.

நம் பக்கத்தில் பெண் பிறந்த வருஷத்திலிருந்தே பாத்திரம் சேர்க்கத் தொடங்குவோம். வாங்கிய கையோடு பெயர் வெட்டிவிடுவோம். செலினுக்கு நான் சேர்த்திருந்த குடம், தவலை, தாம்பாளம் எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது. நான் கொண்டுவந்தவற்றில் என் பெயர். சாம்பல் ஆறிய பிறகு கிளறிப் பார்த்தோம். அவள் பெயரும் என் பெயரும் உருகி ஒரே கட்டியாகக் கிடந்தன. அதைப் பித்தளை வியாபாரி எடுத்துப் போனான். முழுதாகக் கிடைத்தது ஒரு தூக்குச் சட்டி மட்டும். உத்திரம் விழுந்து ஒரு பக்கம் நசுங்கி, கரிக்கட்டைபோலக் கறுத்திருந்தது. அதைச் சாக்கில் சுற்றி வைத்தேன்.

மாதாகோயில் கொட்டகையில் தங்கியிருந்த எங்களுக்குப் பங்குப் பெண்கள் சாமான்கள் கொண்டுவந்தார்கள். அதில் முதல் ஆள் லூர்தம்மாள். புருஷன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். மகள் இன்னும் சைகோனில். லூர்தம்மாள் மாட்டு வண்டியில் பாத்திரங்களை ஏற்றி, பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து இறக்கினாள். சட்டி, குண்டான், சம்படம், தட்டு, கரண்டி. ஒவ்வொன்றிலும் 'லூர்தம்மாள், சைகோன்' என்று வெட்டியிருந்தது. கரண்டிக் காம்பில்கூட.

"வச்சிக்கோ பாக்கியம். எங்கிட்ட கெடக்கிறதுதானே" என்றாள். குரல் கொட்டகையின் கடைசி வரைக்கும் கேட்டது.

அவள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. அதையே எங்களுக்கு வாடகைக்கு விட்டாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. நானும் கை கூப்பினேன். அப்போது மனசாரத்தான் கூப்பினேன், அதில் பொய் இல்லை.

ஆனால் ஒரு வருஷம் இன்னொருத்தி பெயரைத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். காலையில் கஞ்சி ஊற்றினால் லூர்தம்மாள். மத்தியானம் சோறு வடித்தால் லூர்தம்மாள். சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்தால் தட்டின் அடியிலிருந்து லூர்தம்மாள் எட்டிப் பார்ப்பாள். அவள் வீட்டில் விருந்து என்றால் வேலைக்காரி கன்னியம்மா வந்து, "அம்மா அந்தப் பெரிய குண்டானக் கேட்டாங்க" என்று நிற்பாள். என் குழம்பை வேறு எதிலாவது மாற்றி ஊற்றிவிட்டுக் கொடுப்பேன். வேறு எதில்? அதிலும் அவள் பெயர்தான்.

4

பின்கட்டுக்குத் தனி வாசல் கிடையாது. அவள் நடையைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகவேண்டும். என் நாள் எப்படிப் போகிறது என்று ஊரிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலையில் குழாயடி. பிறகு சாரம் கிராமத்திலிருந்து கூடையில் காய் கொண்டுவரும் பெண்ணோடு பேரம். அவள் எனக்கு மட்டும் சொத்தைக் கத்தரிக்காயை நீட்டுவாள், கேட்டால் "உங்களுக்கு எதுக்கும்மா பெருசு" என்பாள். வீடு எரிந்தவள் சொத்தைக் கத்தரிக்காய்தான் தின்னவேண்டும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் கருவடிக்குப்பம் போய் எரிந்த மனையில் மண் சுவர் எழுப்புவார். சுவர் தலைக்கு மேலே வந்துவிட்டது. கூரையும் பூச்சும்தான் பாக்கி. "ஓடு வாங்கிக்கிட்டுப் போவம் பாக்கியம், அவசரம் என்ன" என்பார். அவருக்கு அவசரமில்லை, அவர் பகலெல்லாம் மண்டியில்.

செலினுக்கு அவசரமே இல்லை. பள்ளி விட்டதும் முன்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே கிராமபோன் பெட்டி இருக்கிறது, சைகோனிலிருந்து வந்த தகர டப்பாவில் பிஸ்கோத்து இருக்கிறது. லூர்தம்மாளைத் 'தாந்த்' என்று கூப்பிடுவாள். பிரெஞ்சில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தானாம். எத்தனை சிக்கனம் பாருங்கள். ஒருநாள் பள்ளித் தோழி ஒருத்தி உன் வீடு எது என்று கேட்டதற்கு, முன்கட்டு மாடியைக் கை காட்டினாளாம். கருவடிக்குப்பம் என்ற வார்த்தையையே அவள் வாயில் நான் கேட்டு மாதக்கணக்காகிறது.

"அங்க என்னாம்மா இருக்குது, சாம்பல்தானே" என்பாள்.

அதற்காக அவளை அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

5

வீடு எரிந்த வருஷம் திரும்புகிற அதே வாரத்தில் செலினுக்குப் புது நன்மை வந்தது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அன்று பிள்ளை வீட்டார் தெருவுக்குப் பலகாரம் கொடுப்பது இங்கே வழக்கம். நான் ஒரு முடிவு எடுத்தேன். ஒரு வருஷமாக இந்தத் தெரு எனக்குக் கொடுத்தது. பழைய சேலை, பழைய சோறு, பழைய புத்திமதி. ஒரே ஒரு நாள் நான் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்கிற வீடுதான் வீடு. வாங்குவது மட்டும் என்றால் அதற்குப் பெயர் சத்திரம்.

எங்கள் பக்கத்துப் பலகாரம், முந்திரிக்கொத்து செய்தேன். பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் பாகு காய்ச்சி உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி மாவில் தோய்த்துப் பொரிப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஒருத்திக்கும் தெரியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். வாயில் போட்டதும் இது பாக்கியம் கை என்று தெரியட்டும் என்று நினைத்தேன். செலினும் உட்கார்ந்து உருட்டினாள். கருப்பட்டிப் பாகு சுட்டதும் விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு எங்கள் பிள்ளையாக இருந்தாள்.

பொரித்ததைச் சம்படங்களில் நிரப்பினேன். புது நன்மைப் பிள்ளை பாத்திரம் தூக்கக்கூடாது. தாய் கோயிலில் பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும். "கன்னியம்மா கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவா, நீ கோயிலுக்குக் கெளம்பு" என்றாள் லூர்தம்மாள். செலின் போட்டிருந்த வெள்ளைக் கவுனும் அவள் கொடுத்ததுதான், சைகோன் மகளுடைய பழைய கவுன். வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? சரி என்றேன்.

பலகாரம் வந்த பாத்திரத்தை இந்தத் தெருவில் யாரும் வெறுமனே திருப்பமாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரை, ஒரு சீப்புப் பழம், ஒன்றுமில்லாவிட்டால் வெற்றிலையாவது போட்டு அனுப்புவார்கள். யார் வீட்டுப் பாத்திரம் என்று கேட்கவும் மாட்டார்கள். அதற்குத்தானே பெயர் வெட்டியிருக்கிறது.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு மறுநாள் குழாயடியில்தான் புரிந்தது.

6

எதிர்வீட்டு மதலேன் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளை மனசுக்காரி, அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

"லூர்தம்மா வீட்லேருந்து நேத்து சைகோன் பலகாரம் வந்துச்சே, உங்களுக்குக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"என்ன பலகாரம்?"

"மூணு மூணா ஒட்டிக்கிட்டு, உள்ள வெல்லம் போட்டது. சைகோன்ல அப்பிடித்தான் பண்ணுவாங்களாம். பின்கட்டுல இருக்கிற உங்களுக்குக் குடுக்காமலா இருந்திருப்பாங்க."

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அது நான் செஞ்சது மதலேன். எங்க ஊரு முந்திரிக்கொத்து" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை கூசுகிறது. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள், அதையும் இரக்கத்தோடு நினைத்தாள். "பாத்திரத்துல அவங்க பேரு இருந்துச்சே. கன்னியம்மாதான் கொண்டாந்தா. நான் சம்படத்தத் திருப்பிக் குடுக்கச்சே, பலகாரம் ரொம்ப நல்லா இருந்துச்சின்னு அவங்ககிட்டயே சொன்னேனே. சிரிச்சிக்கிட்டாங்க. உங்க பொண்ணுகூட அங்கதான் உக்காந்திருந்துச்சி."

தெரு முழுக்க இதே கதை. சம்படங்கள் எல்லாம் முன்கட்டுக்கே திரும்பிப் போயிருந்தன. சர்க்கரையும் பழமும் அங்கே. நன்றியும் அங்கே.

வீட்டுக்கு வந்ததும் செலினைக் கேட்டேன்.

"ஏட்டி, மதலேன் சொன்னப்போ நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"வாய் இல்லையா ஒனக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான் சொல்லியிருந்தா தாந்த்துக்கு அசிங்கமா ஆயிருக்கும்மா."

"எனக்கு?"

வீடு எரிந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அந்த அடுப்படியில்தான் வந்தது. அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

7

முன்கட்டில் லூர்தம்மாள் ஊஞ்சலில் இருந்தாள். பக்கத்தில் மதலேன் அனுப்பிய பழச் சீப்பு. நான் நின்றபடியே பேசினேன்.

"பலகாரம் யாரு செஞ்சதுன்னு நீங்க சொல்லியிருக்கலாமே அம்மா."

"அட, இதுக்கா இப்பிடி வந்து நிக்கிற? கேட்டாங்களா, சிரிச்சேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி நான் பண்ணலன்னு சொல்லிக்கிட்டா இருப்பாங்க?"

"அவங்க ஒங்களுக்கு நன்றி சொல்லுதாங்க."

"சொன்னா என்னா? பாத்திரம் என்னுது. ஆள் என் வூட்டு ஆள். நீயும் இங்கதானே இருக்கிற. எல்லாம் ஒரே வீடுதானே பாக்கியம்." பிறகு ஊஞ்சலைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஒம் பொண்ணே ஒண்ணும் சொல்லல. ஒனக்குத்தான் பொறுக்கல."

ஒரே வீடு. அந்த வார்த்தைதான் என்னை எரித்தது. ஒரே வீடு என்றால் எனக்கு வீடு இல்லை என்று அர்த்தம். இரக்கப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அவர்களை யாரும் திட்ட முடியாது. திட்டினால் திட்டியவள்தான் நன்றி கெட்டவள்.

சரி, நன்றி கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலமே பின்கட்டில் இருந்த அவள் பாத்திரங்கள் எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, கரண்டி வரைக்கும், முன்கட்டு நடையில் கொண்டுபோய் அடுக்கினேன். கன்னியம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். குயவரிடம் மண் சட்டிகள் வாங்கினேன். மண் சட்டியில் யாரும் பெயர் வெட்டுவதில்லை.

இவர் மண்டியிலிருந்து வந்து, மண் தட்டில் சோற்றைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு மொதலையப் பகைக்கலாமா பாக்கியம்? ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசாத நாள் எது? சோத்தத் தின்னுங்க."

ஊர் பேசியது. பங்குப் பெண்கள் கோயிலில் என் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். காற்றோட்டமாக இருந்தது.

லூர்தம்மாள் சும்மா இருக்கிறவள் இல்லை. இரண்டொரு நாளில் கன்னியம்மா பின்கட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் செலினைப் பார்த்துச் சொன்னாள்: "பாப்பா, அந்த வெள்ளக் கவுன அம்மா கேட்டாங்க. பாத்திரமெல்லாம் வந்துடுச்சி, அதுவும் வந்துடட்டும்னாங்க."

பெரியவர்கள் சண்டையில் குழந்தையின் புது நன்மைக் கவுனைக் கேட்கிற மனசு இருக்கிறதே, அதை எந்த எண்ணெய் ஊற்றி எரித்தால் எரியும் என்று எனக்குத் தெரியவில்லை. செலின் எழுந்தாள். கவுனை எடுத்து, தலையில் வைக்கிற வெள்ளைப் பூ வளையத்தையும் சேர்த்து மடித்து, தானே கொண்டுபோனாள். போனவள் உடனே திரும்பிவிட்டாள். நடையிலேயே வாங்கிக்கொண்டார்களாம். உள்ளே வா என்று தாந்த் சொல்லவில்லையாம். கிராமபோன் பாடிக்கொண்டிருந்ததாம்.

செலின் இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

8

அடுத்த சனிக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, செலின் கிணற்றடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை கறுப்பு. பக்கத்தில் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. எரிந்த வீட்டிலிருந்து எடுத்து வந்த அந்தத் தூக்குச் சட்டி.

"என்னட்டி பண்ணுத?"

"கரி போவமாட்டேங்குது" என்றாள், தலையைத் தூக்காமல்.

செங்கல் தூளும் புளியும் வைத்துத் தேய்த்திருந்தாள். கழுத்துப் பக்கம் பித்தளை எட்டிப் பார்த்தது. நசுங்காத பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. மரிய பாக்கியம், பாளையங்கோட்டை. என் கல்யாணத்துக்கு முன் எங்கள் தெருவில் உட்கார்ந்து ஆசாரி வெட்டிய எழுத்து. நான் அதை ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை.

"அம்மா, அந்த முந்திரிக்கொத்து இன்னொரு வாட்டி பண்றியா?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"முன்கட்டுக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு பயற்றை எடுத்து வறுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பங்குப் பெண்கள் லூர்தம்மாள் வீட்டில் காப்பி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மதலேனும் இருந்தாள். செலின் அந்த நசுங்கிய தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைத் தாண்டிப் போனாள். பழைய பாவாடையைக்கூடத் தோழிகள் கண்ணில் படாமல் மறைத்துக் காயப்போடுகிற பெண் அவள். நான் கதவோரத்தில் நின்றேன். ஒளிந்து கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

"இது எங்கம்மா பண்ணது" என்றாள். குரல் எல்லாருக்கும் கேட்டது. "எங்க ஊரு பலகாரம். அன்னைக்கு எல்லார் வீட்டுக்கும் வந்ததும் இதுதான். நானும் கூட உருட்டினேன். பாத்திரம் எங்களோடது, பேரு இருக்குது பாருங்க. கருவடிக்குப்பத்துல எரிஞ்ச வீட்டுது. திருப்பி அனுப்பிடுங்க."

தாந்த் என்று கூப்பிடவில்லை. மதலேன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாக, "அதேதான்" என்றாள்.

செலின் திரும்பி வந்து என் சேலைத் தலைப்பில் முகத்தையும் கையையும் துடைத்தாள். கரி என் சேலையில் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். வழக்கமாக 'பின்கட்டு' என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறவள், அன்று எங்கள் கதவுக்கு வெளியே நின்றாள். கையில் தூக்கு.

"மரிய பாக்கியம் பாத்திரத்த அவங்க வீட்ல குடுத்துட்டு வான்னாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வர்ற மாசம் வேற எடம் பாத்துக்கணுமாம்" என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

செலின் மூடியைத் திறந்து பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

"ஒண்ணுமே போடலம்மா. வெறும் பாத்திரம்."

ஒரு வெற்றிலைகூட இல்லை. இந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பகை. நான் அந்தத் தூக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பிச்சைக்காரியோடு யாரும் பகை வைத்துக்கொள்வதில்லை. பகைக்கு எதிரே ஒரு வீடு வேண்டும்.

இவர் மூலையில் உட்கார்ந்து, ஓடு இல்லாமல் எப்படிப் போவது, மழை வந்தால் என்ன செய்வது என்று புலம்பத் தொடங்கியிருந்தார். ஓலை போடுங்கள் என்றேன். மறுபடி எரிந்தால் என்றார். தோப்புக் குத்தகைக்காரன் இந்த வருஷமும் சருகு கூட்டியிருக்கிறானாம். எரிக்கட்டும், அம்மிக்குழவி என்னிடம்தான் இருக்கிறது என்றேன்.

செலின் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"கழுவி வை" என்றேன். "நாளைக்கு நம்ம வீட்டுச் சுவருக்குப் பூச மண் குழைக்கணும். அதுலதான் தண்ணி மோந்து ஊத்தணும்."